ஈரப் போர்வைகள்

"துணி காயப்போட இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா உங்களுக்கு?"

இளைய மருமகள் சாரத்தில் ஏறிக்கொண்டே கத்தினாள். மாடிக்குக் கூரைக் கான்கிரீட் போட்டு முடித்து, ஆட்கள் அப்போதுதான் சாப்பிடப் போயிருந்தார்கள். அதற்குள் மூத்தவள் வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் தண்ணீரில் முக்கி, பிழியாமலே வரிசையாகச் சாரக் கம்புகளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பங்கரை. ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்திப் பாத்திரங்களை உருட்டியே சண்டை போடும் நிலைக்கு வந்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாடி எடுக்க ஆரம்பித்ததும், இந்த முகத்தில் இனி விழிக்க வேண்டாம் என்று இளையவள் மாடி ஜன்னல்களுக்குத் திரைச்சீலைகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

"நான் தனியாப் போறது உங்களுக்கு வயித்தெரிச்சல். அதான் இந்த வேலை."

"வெயில்தான் எரியுது. தள்ளி நில்லு."

கீழே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான் இளையவளின் கணவன்.

"பாத்துட்டே நிக்கிறீங்களே! உங்க அண்ணியைக் கேக்க மாட்டீங்களா?"

"விடு. அண்ணி பாத்துப்பாங்க" என்றான், நிமிராமலே.

இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கெட்டிய போர்வை ஒன்றை ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கீழே வீசினாள். மூத்தவள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துத் தள்ளினாள். இவள் திருப்பித் தள்ளினாள். போர்வை போன இடைவெளியில் காய்ந்த காற்று அனலாக உள்ளே புகுந்தது. அரைமணி ஆகியும் இளையவள் அதைத் திரும்பக் கட்டவிடவில்லை.

சத்தம் கேட்டு மேஸ்திரி எச்சில் கையோடு ஓடிவந்தார். "யாரும்மா இதை அவுத்தது? இங்க பாருங்க!"

மற்ற இடமெல்லாம் கான்கிரீட் ஈரமாக மினுங்க, அந்த இடைவெளிக்கு நேராக மட்டும் வெளுத்து, மயிரிழை போல நாலைந்து வெடிப்பு ஓடியிருந்தது.

"இறுகறதுக்கு முன்னாடி காத்து ஈரத்தை உறிஞ்சிட்டா மேல்பரப்பு சுருங்கி வெடிக்கும்மா. அப்புறம் மழைக்கு ஒழுகும். அதான் காத்தை மறைச்சு ஈரத்துணி கட்டச் சொன்னேன். சொன்னதிலேருந்து இவங்க ஒரு நிமிஷம் உக்காரல."

நல்லவேளை, கான்கிரீட் இன்னும் இளக்கமாகவே இருந்தது. அவர் பலகையை ஓரத்தில் போட்டு மண்டியிட்டு, வெடிப்புகளை மட்டக்கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடினார்.

இளையவளுக்கு முகம் செத்துப்போயிற்று. இறங்கிப்போய்ப் போர்வையை நனைத்து எடுத்துவந்து தானே கட்டினாள். மூத்தவளின் உள்ளங்கைகள் கயிறு அறுத்துச் சிவந்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. நான் குடிபோற வீட்டுக்காக நீங்க இவ்ளோ கஷ்டப்படுவீங்கன்னு நெனைக்கவே இல்ல."

மூத்தவள் முடிச்சை இறுக்கிவிட்டு, கீழே வாளியோடு நின்றவனை ஒருமுறை பார்த்தாள். அவன் சட்டென்று வீட்டுக்குள் போனான்.

"மாடி எங்களுக்குன்னு முடிவாயிடுச்சே, தம்பி உங்கிட்ட சொல்லலையா?"