ஜன்னல் மேல் போட்ட பழி

ஒரு வீட்டுக் கூடத்தில் கம்பளம் ஒன்று விரிந்திருந்தது. அதன் மேல் தவழும் குழந்தை ஆதிரைக்கு நாலு மாதமாக விடாத இருமல்.

"எல்லாம் உன்னாலதான். தெருப் புழுதியை நீதான் உள்ளே விடுறே," என்று கம்பளம் தினமும் ஜன்னலைத் திட்டும். குழந்தையின் அம்மாவும் அப்படியே நினைத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள்.

ஒரு நாள் கம்பளம் கழுவும் ஆள் இயந்திரத்தோடு வந்தார்.

"வாராவாரம் தூசி உறிஞ்சுறோமே, இன்னும் கழுவணுமா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் இயந்திரத்தை ஓட்டினார். அதிலிருந்து வாளியில் இறங்கிய தண்ணீர் சாக்கடை போலக் கறுத்திருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இது யாரோட அழுக்கு?" என்று கம்பளம் அலறியது.

"உன்னோடதுதான். இன்னும் ரெண்டு வாளி வரும்," என்றது இயந்திரம்.

"என் மேலதானே ஆதிரை முகத்தை வெச்சுத் தூங்குவா!" என்று கம்பளம் துடித்தது.



ஈரம் காயட்டும் என்று அந்த ஆள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். கம்பளத்தால் ஜன்னலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போது ஆதிரை தவழ்ந்து வந்தாள். கம்பளம் பதறியது.

"வராதே கண்ணு, நான் இன்னும் காயலை!"

ஜன்னல் வெளியே இருந்த காற்றையெல்லாம் உள்ளே வாரி விட்டது.