ஏழாவது நிமிடம்

அன்று காட்டில் இருந்தது நான், என் தம்பி குழந்தைவேலு, வனக்காவலர் பொம்மன், மூன்றே பேர். மூங்கிலும் தேக்கும் நாவலும் கலந்த காடு. கூடு கட்டும் பருவத்துப் பறவைக் கணக்கெடுப்பு. பத்து நிமிடம் அசையாமல் நின்று, கேட்கும் குரல்களைக் குறிக்க வேண்டும்.

ஏழாவது நிமிடத்தில் எல்லாக் குரல்களும் ஒரேயடியாக அடங்கின.

“ஆனை, சாமி. அசையாதீங்க,” என்று பொம்மன் முணுமுணுத்தார்.

“அண்ணே, மூச்சு என் கழுத்துல படுது. இதையும் குறிக்கணுமா?” தம்பி கிசுகிசுத்தான்.

“நில்லுடா. நம்ம குடும்பத்துல எவனும் ஓடினதில்ல,” என்றேன்.

தம்பி பயந்து ஓடியதால்தான் யானை அவனை மிதித்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஓடியது நான்.