திரும்பி வந்த கெண்டி

"ஏனுங்கண்ணா, இதையும் திருப்பி எடுத்துக்குங்க. ஊட்ல வெக்க எடமே இல்லீங்க."

பாலாமணி பைக்குள்ளிருந்து பழைய காபிக் கெண்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பட்டை பட்டையாக வெட்டிய அலுமினியக் கெண்டி. அடியறையில் தண்ணீர், நடுவில் தூள் போட்டு அடுப்பில் வைத்தால், காபி தானாக மேலறைக்கு ஏறி வரும்.

குன்னூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மனுவேல் சிரித்தார். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது கிடைக்கும் இந்த மாதிரிக் கெண்டிகளை அவரிடமிருந்து விடாமல் வாங்கிச் சேர்ப்பவன் அவள் கணவன் ஜெகதீசன்.

"அவர் திட்ட மாட்டாருங்களா?"

"அவரேதான் சொல்றாருங்க, புடிக்கலைன்னா நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வான்னு. குடுத்துட்டுப் போனா மறுவாரமே இன்னொண்ணு வந்துருது. அடுப்பு மேடை, அலமாரி, கட்டிலுக்கு அடியிலகூட கெண்டிதானுங்க!"

"சரிங்க அம்மணி. ஒருக்கா காபி போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கறேன். ஆவி ஒழுகுதான்னு தெரியணுமில்லைங்களா?"

ஒவ்வொரு முறையும் மனுவேல் இதைத்தான் சொல்வார். முதல் தடவை அவள் உட்காரவே இல்லை. கெண்டியை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "எதுத்தாப்புல ஒரு பேக்கரி இருந்துதுங்களே?" என்று மட்டும் கேட்டாள். "அத மூடி ரொம்ப நாளாச்சுங்களே" என்றார் மனுவேல். அடுத்த தடவை உட்கார்ந்தாள். அதற்கடுத்த தடவை, "தூளை அமுக்காதீங்கண்ணா, கசந்துரும்" என்றாள்.

இன்று அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் ஊற்றி, தூளை விரலால் தட்டிச் சமன்செய்து, மேல்பாகத்தைத் திருகினாள்.

வெளியே மூடுபனி கடை வாசல் வரைக்கும் வந்து நின்றது. எதிர்ப்பக்கத்து மரங்கள், ஏற்றத்தில் திணறிப் போகும் பஸ், யாரையோ கூப்பிடும் குரல் எல்லாம் உருவம் போய் வெறும் சத்தமாகிவிட்டன. கடைக்குள் நீலத் தீ மட்டும் எரிந்தது. அலமாரியில் மற்ற கெண்டிகள் மூக்கை நீட்டியபடி காத்திருந்தன.

கெண்டி மெல்ல முனகியது. உள்ளே பழுப்பு நுரை ததும்பி ஏறியது. கடை முழுக்க காபி வாசனை பரவியது.

"யாரோ தூக்கத்துல பேசற மாதிரியே இருக்குதுங்கண்ணா" என்றாள் பாலாமணி.

"இதுல காபி போட்டுக் குடிச்சவங்க பேச்செல்லாம் உள்ளயே தங்கிருச்சோ என்னவோ."

"என்ன பேசியிருப்பாங்க?"

"இந்த ஊர்ல வேறென்னங்க பேசுவாங்க? மழை எப்ப விடும்னுதான்."

பாலாமணி வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பைத் தானே கேட்டவள்போல ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, பனியைப் பார்த்தபடி மெதுவாகக் குடித்தாள்.

"அப்படியே மார்க்கெட்டு வரைக்கும் போயிட்டுப் போறேனுங்க. கேத்தியில இருந்து கேரட் வந்திருக்கும்."

அவள் சேலையின் நிறம் பனிக்குள் கரைந்த சற்று நேரத்தில் ஜெகதீசன் கடைக்குள் வந்தான். நெடுநேரம் வெளியிலேயே நின்றிருக்க வேண்டும். தலையெல்லாம் ஈரம்.

"சிரிப்புச் சத்தம் கேட்டுதுங்களே... அவளுங்களா?"

"அவங்கதானுங்க. மார்க்கெட்டுக்குப் போறாங்க."

"மார்க்கெட்டுக்கா?" அவன் வாசலுக்குப் போய்ப் பனிக்குள் எட்டிப் பார்த்தான். அலமாரிப் பக்கம் திரும்பி, இருப்பதிலேயே பெரிய கெண்டியைக் காட்டினான். "அதக் குடுங்கண்ணா."

"இன்னுமா? காபி மேல உங்களுக்கு அப்படி என்னதானுங்க ஆசை?"

"எனக்குக் காபியே ஒத்துக்காதுங்கண்ணா" என்றான் ஜெகதீசன். "எங்க பொண்ணு செத்ததுல இருந்து ஊட்டு வாசலத் தாண்டுனதே இல்லீங்க பாலாமணி. உங்ககிட்ட வாங்குன கெண்டிய வேண்டாம்னு திருப்பிக் குடுக்கத்தான் மொதமொதலா வெளிய காலெடுத்து வெச்சா."