தேக்கிலைச் சிவப்பு

“காம்பைக் கிள்ளிப் போடுங்கடி, தளிரை மட்டும் கசக்குங்க!” என்று கத்தியபடியே விஜி அண்டாவுக்கு அடியில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

தோட்டத்து லய வீடுகளின் வாசலில் வாலிபால் டீம் மொத்தமும் குந்தியிருந்தது. ஒவ்வொருத்தியின் உள்ளங்கையும் கோழி அறுத்த கை மாதிரிச் சிவந்து கிடந்தது.

இன்று பசறை மைதானத்தில் இறுதி ஆட்டம். விடிந்ததும் நடுவர் றில்வான் சேரிடமிருந்து போன் வந்தது. இரண்டு டீமும் வெள்ளைச் சட்டை. முதலில் பெயர் கொடுத்த டவுன் டீம் மாற்ற மாட்டோம் என்கிறது. தோட்டத்து டீம் வேறு நிறத்தில் வராவிட்டால் ஆட்டமே கிடையாது, கப் டவுனுக்கு.

அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

விஜி மொனராகலையில் பிறந்தவள். சின்ன வயதில் தேக்குத் தளிரைக் கசக்கி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் துடைத்து, அம்மாவிடம் முதுகு வீங்க வாங்கியவள். அந்த அடி இன்றைக்குத்தான் உதவிக்கு வந்தது. ரோட்டோரத் தேக்கு மரங்கள் மழைக்குத் தளிர்விட்டிருந்தன. டீமின் வெள்ளைப் பருத்திப் பெனியன்கள் கோயில் அண்டாவுக்குள் போயின.

தண்ணீர் முதலில் சேற்று நிறம். பிறகு நாவல்பழம். பிறகு, எல்லாரும் ஒன்றாகக் கூவினார்கள், நல்ல ரத்தச் சிவப்பு.

விஜி ஒரு காகிதப் பொட்டலத்தை நாத்தனார் கலாராணியின் கையில் திணித்தாள். டீமின் கேப்டன் அவள்தான்.

“படிகாரம். கொதி அடங்குனதும் போட்டுக் கலக்கு. இல்லாட்டி வேர்வைக்கே சாயம் ஓடிரும்.”

“நீங்க ஓடிப் போய் பஸ்ஸ மறிங்க மதினி. இத நா பாத்துக்குறேன்.”

விஜி ஓடினாள்.

பசறை போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஜன்னல்களில் சிவப்புப் பெனியன்கள் படபடத்தன. கண்டக்டர் அது என்ன கட்சி என்று கேட்டான்.

கப் வராவிட்டால் வலைக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு கிரிக்கெட் பிட்ச் போடத் தோட்டத்துப் பையன்கள் காத்திருந்தார்கள். போன வருடமே வந்திருக்க வேண்டிய கப். கடைசிப் புள்ளியில் கலா அடித்த பந்து, தடுக்க எழும்பிய டவுன் கேப்டன் நிலுக்ஷியின் விரலில் உரசிக்கொண்டுதான் வெளியே போனது. கை பட்டுப் போனால் புள்ளி கலாவுக்கு. படாமல் போனால் டவுனுக்கு. “சத்தியமா படல சேர்” என்றாள் நிலுக்ஷி. மேட்டில் உட்கார்ந்திருந்த விஜியின் கண்ணுக்குத் தெரிந்தது, றில்வான் சேரின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த வருடமும் கடைசி செட் வரை இழுத்தது. நடுவில் தூறல் வேறு.

மேட்டிலிருந்த விஜி எழுந்தே விட்டாள். சாயம் ஓடிக்கொண்டிருந்தது.

கலாவின் முழங்கை வழியே சிவப்பு சொட்டியது. பந்தில் சிவப்பு. வலையில் சிவப்பு. கூட்டத்தில் ஒருவன், “தோட்டத்து அக்காமாருக்குச் சாயம் வெளுக்குதுடோய்!” என்று விசிலடித்தான். படிகாரம் போட்ட சாயம் இப்படியா ஓடும்? அளவு போதவில்லையோ? தோற்றால் லயம் முழுக்கத் தன் தலையைத்தான் உருட்டும் என்று விஜி முந்தானையைக் கடித்தாள்.

தோட்டத்துக்கு இன்னும் ஒரே புள்ளி.

நிலுக்ஷி கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள். “பந்தத் துடைங்க சேர், எங்க சட்டையெல்லாம் நாசமாகுது.” பந்து துடைக்கப்பட்டது. அவளும் துவாயால் விரல் விரலாகத் துடைத்து, இரண்டு கைகளையும் கூட்டத்துக்கு விரித்துக் காட்டினாள். பளிச்சென்ற கைகள். டவுன் பக்கம் சிரித்தது.

டவுன் பெண் ஒருத்தி சர்வீஸ் போட்டாள். தோட்டத்துப் பெண்கள் எடுத்தார்கள், வலையோரம் தூக்கினார்கள்.

கலா வலது கையைத் தன் பெனியனில் அழுத்தித் துடைத்தாள். எழும்பினாள். அடித்தாள்.

நிலுக்ஷியும் எழும்பினாள்.

பந்து கோட்டுக்கு வெளியே, தூரப் போய் விழுந்தது.

“சத்தியமா படல சேர்!”

அதே வார்த்தை. அதே குரல்.

கலா கத்தவில்லை. சண்டைக்கும் போகவில்லை. “கையப் பாருங்க சேர்” என்றாள், அவ்வளவுதான்.

றில்வான் சேர் நடுவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். நிலுக்ஷி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவர் விடவில்லை.

மூன்று விரல் நுனிகள், மருதாணித் தொப்பி வைத்தது போலச் சிவந்திருந்தன.

“எப்ப தங்கச்சி மருதாணி வச்ச?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு விசில் ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. மேடு முழுக்க இறங்கி மைதானத்துக்குள் ஓடியது. கலாவைத் தூக்கியவர்களின் வெள்ளை வேட்டி, சட்டை, கழுத்து எல்லாம் தேக்கிலைச் சிவப்பு. கம்பத்தைப் பிடுங்கக் காத்திருந்த பையன்கள்தான் முன்னால் நின்று தூக்கினார்கள்.

விஜி அழுதுகொண்டே சிரித்தாள். நல்லவேளை, படிகாரம் வேலை செய்யவில்லை!

கலாவின் முகத்தைத் துடைக்கத் துவாய் எடுக்க அவளுடைய பையைத் திறந்தாள்.

துவாய்க்கு அடியில் அந்தக் காகிதப் பொட்டலம் இருந்தது. விஜி சுற்றிய நூலும், அவள் போட்ட முடிச்சும், போட்டது போட்டபடியே இருந்தன.