ஏழு சாவிகள்

"அப்பா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?"

வாசலில் கால் வைக்கும்போதே கத்திவிட்டேன். கத்தாமல் என்ன செய்ய? சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு. புகை, ஹாரன், டைம்கீப்பர் விசில். சாதாரணமாகப் பேசினால் எனக்கே கேட்காது.

முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, போன மாதம்தான் அப்பா ரிடையர் ஆனார். அம்மா போனதிலிருந்து தனிக்கட்டை. நான் ஒரே பெண். என் வீட்டில் அவருக்கென்று தனி அறை, புதுக் கட்டில், சமைக்கப் பெருக்க ஆள். வந்தார். மூன்றே நாள். நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. கடைசியில் பார்த்தால், இந்தப் பொந்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்!

"இத்தனை வருஷம் இந்தப் புகையைக் குடிச்சது போதாதா?"

"எனக்கு இது சரியா வரும்மா."

"உங்களுக்குச் சரி. எனக்கு? பெத்த அப்பனை வெச்சுப் பார்க்க வக்கில்லாதவள்னு ஊரே பேசுது!"

"உக்காரு. பால் வாங்கிட்டு வரேன்."

தானே பூட்டிக்கொள்கிற கதவை இழுத்துச் சாத்திவிட்டு நழுவிவிட்டார். எப்போதும் இதே கதைதான். சண்டை வந்தால் இவர் வீட்டில் பால் தீர்ந்துவிடும்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பூட்டில் சாவி திரும்பியது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். கண்டக்டர் சட்டை, தோளில் டிக்கெட் பை. கையில் அப்பா வீட்டுச் சாவி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணன் இல்லையா?" என்றாள்.

"அண்ணனா! இந்தச் சாவி எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"அவருதான் குடுத்தாரு."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"அவரு குடிவந்த நாள்லேர்ந்து."

கொஞ்சமாவது கூசுகிறாளா பாருங்கள்!

"எங்கம்மா போய் ரெண்டு வருஷம்கூட முடியல. அதுக்குள்ள இந்த வயசுல அவருக்கு..."

"திட்டுறதை அப்புறமா வந்து வாங்கிக்கறேம்மா. வண்டி எடுக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

என்னை ஒதுக்கிவிட்டு நேரே பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுபடி சாவிச் சத்தம். இன்னொரு கண்டக்டர், சின்னப் பெண். அவள் பின்னாலேயே மூன்றாவதாக ஒருத்தி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அக்கா உள்ளயா? சீக்கிரம் வாங்கக்கா, டைம்கீப்பர் விசிலடிச்சிட்டான்!"

முதலில் போனவள் வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு என் எதிரே நின்றாள். "இப்ப திட்டுங்கம்மா" என்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர்கள் போன பிறகுதான் அப்பா பாலோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"மொத்தம் ஏழு பேர்கிட்ட சாவி இருக்கும்மா."

"ஏன், பஸ் ஸ்டாண்டுல கக்கூஸ் இல்லையா?"

"ஆபீஸ்ல கேட்டா இருக்கும்பானுங்க. பொம்பளைங்க கக்கூஸைப் பூட்டி உள்ள பழைய டயரை அடுக்கி வெச்சிருக்கானுங்க. பதினோரு மனு போட்டேன். ஒருத்தனும் அசையல."

அவர் இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"நாங்க ஆம்பளைங்க, வண்டி மறைவுல ஒதுங்கிடுவோம். இவங்க எங்க போவாங்க? விடிகாலையில ஏறினா மதியம் வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாம நிப்பாங்க. குடிச்சாப் போகணுமே! இதெல்லாம் தெரிஞ்சும் நான் பாட்டுக்கு ஓட்டிட்டே இருந்தேன் பாரு. வெக்கங்கெட்ட பொழப்பு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்!

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்பா சண்டைக்கு வரப் போறேன்? வீடு அவங்களுக்காக அப்படியே இருக்கட்டும். வாடகையை நான் பார்த்துக்கறேன். நீங்க என்னோட வந்துடுங்க. ராஜா மாதிரி இருக்கலாம்."

அப்பா பாலை அடுப்பில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் வீட்ல மூணு பாத்ரூம் இருக்கும்மா. ஆனா காலையில எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் மாடா உழைக்குதே ஒரு அம்மா, நான் இருந்த மூணு நாளும் அது ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பார்க்கலை."