முக்கால்வாசி முடிந்த வளை

குளத்தங்கரை வளையில் குடியிருந்த பெருச்சாளிக்கு மழைக்காலம் என்றாலே பயம். குளம் நிறைந்தால் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதனால் மேட்டில் இருக்கும் நெல் கிடங்குக்கு மண்ணுக்கடியிலேயே ஒரு வழி தோண்டும் வேலையை வெள்ளெலியிடம் ஒப்படைத்திருந்தது.

ஒருநாள் காலையில் வெள்ளெலி மூஞ்சியெல்லாம் மண்ணோடு வந்து நின்றது. "அண்ணாச்சி, நடுவுல பாறை குறுக்க நிக்குது. வழியைச் சுத்திக் கொண்டு போகணும். கூட நாலு பேர் வேணும்."

பெருச்சாளிக்கு அன்றைய பொழுதே கசந்துவிட்டது. "பாறை இருக்குன்னு சொல்றதுக்கா உன்னை வச்சிருக்கேன்? வந்தா நல்ல சேதியோட வாலே!"

மறுநாள் வெள்ளெலி நல்ல சேதியோடு வந்தது. "முக்கால்வாசி முடிஞ்சாச்சு, அண்ணாச்சி."

"இது பேச்சு!" பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் முக்கால்வாசிதான். அந்த வார்த்தை காதுக்குக் குளிர்ச்சியாக இருந்ததால், பெருச்சாளி ஒரு தடவைகூட உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டாரையும் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தது.

மழை பிடித்துக்கொண்டது. பெண்டாட்டி பிள்ளைகளும் சம்பந்திகளும் வெள்ளெலியும் பின்னால் வர, மீதியும் இதற்குள் முடிந்திருக்கும் என்று நம்பிப் பெருச்சாளி புது வழியில் முன்னால் நடந்தது. வழி நல்ல அகலம். வெள்ளெலியை மனசுக்குள் மெச்சிக்கொண்டே போனபோது மூக்கு எதிலோ நச்சென்று இடித்தது. தடவிப் பார்த்தால், பாறை. பின்னால் தண்ணீர் புகும் சத்தம் கேட்டது.

"என்னலே இது?"

வெள்ளெலி பணிவாகச் சொன்னது: "இதுதான் அண்ணாச்சி, மீதி கால்வாசி."