மாடி வீட்டுச் சண்டை

"அறிவிருக்கா உங்களுக்கு? ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

ஆரம்பிச்சாச்சு! மாடியில் குடியிருப்பவள் புருஷனைத் திட்டுகிறாள். குடிவந்த நாளிலிருந்து தினமும் காலையில் இதே ரகளை. அந்த அப்பாவியின் குரல் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

எனக்கே மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டுச் சொந்தக்காரன் நான் ஒருத்தன் கத்தினால் போதாதா?

"இன்னிக்குக் காலி பண்ணச் சொல்லிட்டுத்தான் மறுவேலை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடியேறினேன்.

கதவைத் திறந்தவள், "வாங்கண்ணே, உட்காருங்க" என்றாள். அவ்வளவு மெல்லிய குரல். இவளா அந்தக் கத்துக் கத்தினாள்?

"உட்கார வரலம்மா. கட்டின புருஷனை இப்படியா கரிச்சுக் கொட்டறது? இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடுங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. புருஷன் குளித்துக்கொண்டிருக்கிறானா என்று பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"ஐயோ அண்ணே, எனக்கு மட்டும் ஆசையா? எதையும் வெளிய காட்டாம மனசுக்குள்ளயே அடக்கற குணம் அவருக்கு. சர்க்கரை ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு டாக்டர் சொல்லிட்டாராம். சண்டை போட்டாவது வெளிய கொட்டணுமாம். அவருக்கு ஆரம்பிக்கத் தெரியல. அதான் நானே வம்புக்கு இழுக்கறேன்."

"அவர் வாயே திறக்கலையேம்மா!"

"அதான் நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கறேன்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலி பண்ணச் சொன்ன வாயாலேயே, "நல்லாக் கத்தும்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பாதிப் படியில், தலையெல்லாம் சோப்பு நுரையோடு பின்னாலேயே ஓடி வந்தான் புருஷன்.

"சார், சார்! காலி மட்டும் பண்ணச் சொல்லிடாதீங்க. இப்பதான் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா இறங்குது."

"வாயே திறக்காம உனக்கு எப்படிப்பா இறங்கும்? அந்தப் பொண்ணு தொண்டை வத்தக் கத்துது. பதிலுக்கு நீயும் ரெண்டு வார்த்தை கத்தினாத்தான் என்ன?"

அவன் மாடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சர்க்கரை எனக்கு இல்ல சார், அவளுக்கு! 'மனசுல வச்சுப் புழுங்காதேம்மா, கத்தித் தீர்த்துடு'ன்னு டாக்டர் அவகிட்டதான் சொன்னார். தனக்காகன்னா அவ வாயே திறக்க மாட்டா. எனக்குத்தான் சர்க்கரைன்னு பொய் சொன்னாத்தானே கத்துவா!"